ஞாயிறு வாங்கிய காய்கறி புதன்கிழமைக்குள் வாடுவது ஏன்? புதிய குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: மதுரை ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். எனவே ஞாயிறு காலையில் அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய், வாரம் முழுவதற்கும் வேண்டிய காய்கறிகளை ஒரே தடவையில் வாங்கி வந்துவிடுவது எங்கள் வழக்கம். பதினோரு ஆண்டுகள் உழைத்த ஒற்றைக் கதவுப் பெட்டி பழுதாகிவிட்டதால், மூன்று மாதங்களுக்கு முன்பு பனிக்கட்டி படியாத, ஃபிராஸ்ட் ஃப்ரீ வகையைச் சேர்ந்த இரட்டைக் கதவுப் பெட்டி ஒன்றை வாங்கினோம். இடம் பெரிது, குளிரும் நன்றாக இருக்கிறது. ஆனால் காய்கறிகள் பழைய பெட்டியில் இருந்த அளவுக்கு இதில் தாங்கவில்லை.

கீரையும் கொத்தமல்லியும் செவ்வாய்க்கிழமையே துவண்டுவிடுகின்றன. வியாழக்கிழமை கேரட்டை எடுத்தால் ரப்பரைப் போல வளைகிறது. அதே நேரத்தில், பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்த பீன்ஸ் கொழகொழத்து நாற்றம் அடிக்கிறது. வெண்டைக்காயில் கரும்புள்ளி விழுகிறது. கத்தரிக்காய் வெளியே பளபளப்பாகவே இருக்கிறது. நறுக்கினால் விதைப்பகுதி முழுவதும் பழுப்பாக இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் ஒன்று காய்ந்துபோவதும் மற்றொன்று அழுகுவதும் எப்படி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. குளிர் போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிவைத்தேன். நிலைமை மேலும் மோசமானது.

என் தந்தை விவசாயம் செய்தவர். வாடிய கீரைக்கட்டைக் குப்பையில் போடும்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். அதனால்தான் இதை முறையாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பெட்டியில் குறையா, நான் வைக்கும் விதத்தில் குறையா?

மறுமொழி: குளிர்பதனப் பழுதுநீக்குபவர், திண்டுக்கல்

ஐயா, வணக்கம். இருபது ஆண்டுகளாகக் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுநீக்கி வருகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் பெட்டியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. பழைய பெட்டியும் புதிய பெட்டியும் குளிரை உண்டாக்கும் விதத்தில் வேறுபட்டவை. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உங்கள் பழைய பெட்டியில் மேலே இருந்த உறைபனி அறையின் தகடுதான் குளிரைத் தந்தது. அங்கே குளிர்ந்த காற்று கனத்து, தானாகவே மெல்லக் கீழே இறங்கும். விசிறி கிடையாது. புதிய பெட்டியில் குளிர்ச் சுருள் பின்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஒரு சிறிய விசிறி காற்றை அதன் மேல் ஓட்டி, துளைகள் வழியாக ஒவ்வொரு தட்டுக்கும் அனுப்புகிறது. அந்தக் காற்றில் இருக்கும் ஈரத்தின் பெரும்பகுதி சுருளின் மேல் பனியாகப் படிந்துவிடும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு ஹீட்டர் அந்தப் பனியை உருக்கும். உருகிய நீர் ஒரு குழாய் வழியாக வெளியேறி, கம்ப்ரஸருக்கு அருகில் உள்ள தட்டில் விழுந்து ஆவியாகிவிடும். பனிக்கட்டியைச் சுரண்டி எடுக்கும் வேலை நமக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். ஆனால் உள்ளே ஓயாமல் உலர்ந்த காற்று சுழன்றுகொண்டிருக்கிறது; மூடாமல் வைத்த எதிலிருந்தும் அது ஈரத்தை உறிஞ்சுகிறது. உங்கள் கீரையிலிருந்து போன தண்ணீரின் ஒரு பகுதி அந்தப் பின்தட்டில்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே கீரை, கேரட், பீட்ரூட் போன்றவற்றைத் திறந்த தட்டில் வைக்கவே கூடாது. அடியில் இழுத்துத் திறக்கும் காய்கறிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். அதில் ஒரு சிறிய நகர்த்தி இருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். திறந்தால் ஈரமும் காய்கள் விடும் வாயுக்களும் வெளியேறும். நான் பழுதுநீக்கப் போகும் வீடுகளில் பெரும்பாலும் அது கடையிலிருந்து வந்த நிலையிலேயே, யாரும் தொடாமல் இருக்கும். இலைக் காய்கறிகளுக்கு மூடிய நிலைதான் சரி.

குளிரைக் கூட்டியது தவறு. பெட்டிக்குள் 4 டிகிரி செல்சியஸ் போதும். சமைத்த உணவும் பாலும் கெடாமல் இருக்க அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. முன்பக்கத்தில் உள்ள 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல. குளிரின் வலிமையை மட்டுமே அவை காட்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து, அதில் ஒரு வெப்பமானியை இட்டு, நடுத்தட்டில் இரவு முழுவதும் விட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் பாருங்கள். அதுதான் உண்மையான அளவு. காற்று வரும் துளைக்கு எதிரே எந்தக் காயையும் வைக்க வேண்டாம். அந்த இடத்தில் கீரை உறைந்து, கண்ணாடி போலாகி, வெளியே எடுத்ததும் கறுத்துவிடும். துளைகளை அடைத்து அடுக்கினாலும் ஒரு பக்கம் உறையும், மறுபக்கம் சூடேறும்.

கதவு ரப்பரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

மறுமொழி: தோட்டக்கலை ஆசிரியர் (ஓய்வு), பெரியகுளம்

மேலே நண்பர் எழுதியது மிகச் சரி. பெட்டியைப் பற்றி அவர் சொல்லிவிட்டதால், காயைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

பறித்த பிறகும் காய்கறிக்கு உயிர் இருக்கிறது. அது சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. செடியிலிருந்து நீரும் உணவும் வருவது நின்றுவிட்டதால், தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையையும் நீரையும் செலவழித்துத்தான் அது உயிர் வாழ்கிறது. வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும் என்பதால்தான் குளிரில் காய்கள் நீடிக்கின்றன. ஆனால் இதைக் கேட்டு, எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று எல்லாக் காய்க்கும் பொதுவாக முடிவு செய்துவிடுகிறோம். அங்கேதான் பிழை நேர்கிறது.

குளிர்ந்த பருவத்தில் நன்றாக விளையும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி ஆகியவை 0 டிகிரிக்கு அருகில் வைத்தாலும் மகிழ்ச்சியாக இருக்கும். நம்முடைய வெப்ப நிலத்துக் காய்கள் அப்படி அல்ல. கத்தரிக்காய்க்கும் வெள்ளரிக்காய்க்கும் 10 முதல் 12 டிகிரி வரை ஏற்றது. வெண்டைக்காய்க்கு 7 முதல் 10 டிகிரி வரை. பீன்ஸுக்கு 5 முதல் 7 டிகிரி வரை. இதற்குக் கீழே சில நாட்கள் இருந்தால் அவற்றின் உயிரணுச் சவ்வுகள் பழுதடைகின்றன. இதைக் குளிர்க்காயம் என்கிறோம். உங்கள் கத்தரிக்காயின் விதைப்பகுதி பழுத்துப் பழுப்பானதாக நீங்கள் நினைத்திருக்கலாம்; அது குளிரால் வந்த காயம். வெண்டைக்காயின் புள்ளிக்கும், வெள்ளரியில் நீர்கோத்தது போலத் தோன்றும் குழிகளுக்கும் காரணம் அதுவே. பெட்டிக்குள் இருக்கும்போது பல நேரங்களில் இது கண்ணுக்குத் தெரியாது. வெளியே எடுத்து வைத்த சில மணி நேரத்தில் வெளிப்படும். குளிரைக் கூட்டியபோது நிலைமை மோசமானதற்கு இதுவே விளக்கம்.

அதற்காக மதுரை வெயிலில் கத்தரிக்காயை ஒரு வாரம் வெளியே வைக்கவும் முடியாது. பெட்டியில் ஓரளவு வெப்பமான இடம் கதவும், கதவை ஒட்டிய முன்பகுதியும்தான். கத்தரி, வெண்டை, வெள்ளரி ஆகியவற்றை அங்கே வைத்து, மூன்று நாட்களுக்குள் சமைத்துவிடுங்கள். இவற்றை வாரக் கடைசிக்கு ஒதுக்கி வைக்க எந்தப் பெட்டியாலும் முடியாது.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிரில் தக்காளி கெடுவதற்கு முன்பே அதன் மணம் போய்விடுகிறது. 2016ஆம் ஆண்டு புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 5 டிகிரியில் ஏழு நாட்கள் வைத்த தக்காளியில் மணம் தரும் பொருட்களை உண்டாக்கும் மரபணுக்களின் செயல்பாடு குறைந்துவிடுவதையும், பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் அந்த மணம் முழுமையாகத் திரும்பாததையும் காட்டினார்கள். ஆகையால் செங்காயாக வாங்கி, காற்றோட்டமான கூடையில் காம்புப் பக்கம் கீழே இருக்குமாறு பரப்பி வைத்துப் பழுக்கவிடுங்கள். நன்றாகப் பழுத்தவற்றை மட்டும், அழுகலைத் தவிர்ப்பதற்காக இரண்டொரு நாள் குளிரில் வைக்கலாம். ரசத்திற்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, பச்சடிக்குத் தெரியும்.

உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும். சேனை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், பூசணி, வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்கும் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. வெளிச்சமும் ஈரமும் இல்லாத, காற்று நுழையும் இடம் போதும். வெங்காயத்தையும் உருளையையும் மட்டும் ஒரே கூடையில் சேர்க்காதீர்கள்.

கேட்டவர்: மதுரை ஞாயிறு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நகர்த்தியைப் பார்த்தேன், முழுவதும் திறந்திருந்தது. நடுத்தட்டில் வெப்பமானி 2 டிகிரி காட்டியது. இரண்டையும் மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சந்தையிலிருந்து வந்தவுடன் எல்லாவற்றையும் மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் கழுவித்தான் நாங்கள் உள்ளே வைக்கிறோம், அது சரியா? பிளாஸ்டிக் பைக்கு மாற்றாக எதைப் பயன்படுத்துவது?

மறுமொழி: காரைக்குடி அம்மா

தம்பிக்கு வணக்கம். நாற்பது ஆண்டுகளாகச் சமையலறையில் நிற்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கழுவி வைக்காதீர்கள். சமைக்கும் முன்பு கழுவுங்கள். காம்படியிலும் இலை மடிப்பிலும் தங்கும் ஒரு சொட்டு நீர் போதும், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். மழைக்காலத்தில் சேறு அப்பி வந்தால் வேறு வழியில்லை. அப்போது கழுவி, பழைய பருத்தி வேட்டியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்திய பிறகே உள்ளே வைக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் கழுவாமல் இருப்பதே மேல்.

கீரையை வாங்கி வந்த அன்றே ஆய்ந்துவிட வேண்டும். வேரை நறுக்கி, பழுத்த இலையையும் நைந்த இலையையும் எடுத்துவிட்டு, மீதியைச் சற்றே நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, ஒரு டப்பாவில் வைத்துக் காய்கறிப் பெட்டியில் வையுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும். நீர் சொட்டக் கூடாது. நைந்த இலை ஒன்றை விட்டுவைத்தால் அது அடுத்த நாளே பக்கத்து இலைகளையும் கெடுத்துவிடும். இவ்வளவு செய்தாலும் அரைக்கீரையையும் சிறுகீரையையும் திங்கள்கிழமைக்கு மேல் வைத்திருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. கீரையை வாரத்திற்கு ஒருமுறை வாங்குவதைக் காட்டிலும், வாசலில் கூடைக்காரி வரும்போது ஒரு கட்டு வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

கொத்தமல்லியைக் குவளை நீரில் பூங்கொத்து போல நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து உள்ளே வைத்தால் ஒரு வாரம் பசுமையாக இருக்கும். இரண்டு நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். கறிவேப்பிலைக்கு நேர் எதிரான முறை. அதற்கு ஈரமே ஆகாது. ஈர்க்கிலிருந்து உருவி, துணியில் உலர்த்தி, ஈரம் இல்லாத டப்பாவில் இறுக மூடிவைத்தால் இரண்டு வாரத்திற்கும் மேல் இருக்கிறது. பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு, டப்பாவின் அடியில் உலர்ந்த துணித் துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். மிளகாய் அழுகுவது எப்போதும் காம்பிலிருந்துதான்.

முள்ளங்கி, பீட்ரூட், கேரட் ஆகியவற்றை இலையோடு வாங்கினால், வீட்டிற்கு வந்ததும் இலையை வெட்டிவிடுங்கள். இலை இருக்கும் வரை அது கிழங்கின் நீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். முள்ளங்கி இலையை எறிந்துவிடாதீர்கள். அன்றைக்கே பாசிப்பருப்போடு பொரியல் செய்யலாம். ரப்பர் போல வளைந்த கேரட் கெட்டுப்போனதல்ல. குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் போட்டு வைத்தால் பெரும்பாலும் விறைத்துக்கொள்ளும். உங்கள் தந்தையிடம் இதைச் செய்து காட்டுங்கள்.

முட்டைக்கோஸை நடுவில் வெட்டாமல், வெளியிலிருந்து இதழ் இதழாக உரித்து எடுத்துப் பயன்படுத்தினால் மீதி மூன்று வாரம் ஆனாலும் அசையாது. முருங்கைக்காயை விரல் நீளத்திற்கு நறுக்கி டப்பாவில் வைத்துக்கொண்டால், நீளமாக வைத்து முறுக்கிக் காய்வதைத் தவிர்க்கலாம். நறுக்கிய காய் எதுவானாலும் இரண்டு நாள்தான் கணக்கு.

எங்கள் வீட்டில் வாரச் சமையலைக் காய்களே முடிவு செய்கின்றன. ஞாயிறும் திங்களும் கீரை, வெண்டை, கத்தரி. செவ்வாயும் புதனும் பீர்க்கங்காய், புடலை, பீன்ஸ், அவரை. அதற்குப் பிறகு முருங்கைக்காய், கேரட், பீட்ரூட், கோஸ். சனிக்கிழமை வெளியே கூடையில் இருக்கும் சேனையோ வாழைக்காயோ. எந்தப் பெட்டி வாங்கினாலும் இந்த வரிசையை நான் மாற்றியதில்லை.

மறுமொழி: தோட்டக்கலை ஆசிரியர் (ஓய்வு), பெரியகுளம்

அம்மா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. பைகளைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

பிளாஸ்டிக் பையை முடிச்சுப் போட்டு மூடும்போது, காய் வெளியிடும் நீராவி பையின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து காயின் மேலேயே வடிகிறது. உங்கள் பீன்ஸ் கொழகொழத்தது இதனால்தான். பீன்ஸுக்கு ஈரமான காற்று வேண்டும், நீர்த்துளி கூடாது. பருத்திப் பை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மிகுந்த ஈரத்தைத் துணி உறிஞ்சிக்கொள்ளும், காற்றையும் விடும். நீங்கள் சந்தைக்கு எடுத்துச் செல்லும் மஞ்சள் பையில் சிறிய அளவில் நான்கைந்து தைத்துக்கொண்டால், ஒவ்வொரு காயையும் தனித்தனியாக வைக்கலாம். வாரம் ஒருமுறை துவைத்துக் காயவைத்தால் போதும்.

செய்தித்தாளில் சுற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. அச்சு மை உணவில் ஒட்டுவது உடலுக்குத் தீங்கு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது. ஈரமான கீரையில் மை எளிதாக ஒட்டும் என்பதால் அச்சிடாத தாளோ துணியோதான் ஏற்றது.

கேட்டவர்: மதுரை ஞாயிறு

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி துணிப்பைகள் தைத்து, நகர்த்தியை மூடி, வரிசை மாற்றிச் சமைத்து வருகிறோம். இந்த இரண்டு வாரங்களில் பீன்ஸ் ஒருமுறைகூட அழுகவில்லை. கத்தரிக்காயைச் செவ்வாய்க்கிழமைக்குள் முடித்துவிடுவதால் விதைப்பகுதி வெள்ளையாகவே இருக்கிறது. வளைந்த இரண்டு கேரட்டைத் தந்தை கண்ணெதிரே நீரில் போட்டு வைத்தேன். அரைமணி கழித்து அவரே எடுத்து ஒடித்துப் பார்த்து, ஒன்றை அங்கேயே தின்றுவிட்டார்.

ஒரே ஒரு குறை எஞ்சியிருக்கிறது. கொத்தமல்லி துவளாமல் நிற்கிறது. ஆனால் நான்காம் நாளில் மஞ்சளாகிறது. கேரட்டிலும் இந்த வாரம் மெல்லிய கசப்பு தெரிந்தது. நீரை நாள்தோறும் மாற்றுகிறேன், ஈரமும் குறைவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி: தோட்டக்கலை ஆசிரியர் (ஓய்வு), பெரியகுளம்

இது மாம்பழக் காலம். பெட்டிக்குள் மாம்பழம் இருக்கிறதா என்று பாருங்கள். மாம்பழம், பப்பாளி, வாழைப்பழம், ஆப்பிள் ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு, இலையில் பட்டால் அதன் பச்சையத்தைச் சிதைத்து மஞ்சளாக்குகிறது. கேரட்டில் பட்டால் கசப்பான ஒரு பொருளை உண்டாக்குகிறது. உங்கள் பெட்டியில் விசிறி காற்றைச் சுழற்றுவதால், பழம் மேல்தட்டில் இருந்தாலும் வாயு கீழே வரை சென்றுவிடும்.

கேட்டவர்: மதுரை ஞாயிறு

மேல்தட்டில் ஆறு மாம்பழங்களும் அரைப் பப்பாளியும் இருந்தன. மாம்பழங்களை வெளியே கூடைக்கு மாற்றிவிட்டேன். வெட்டிய பப்பாளியை இறுக மூடும் டப்பாவில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் கொத்தமல்லியின் நிறத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.